சீட்டில் யார் கையெழுத்து?

கேள்வி: ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பி சொன்னான் என்று, எட்டாம் வகுப்புச் சுவரில் ‘செய்யணும், செய்கிறோம், முடிந்தது’ என்று மூன்று கட்டம் போட்டு, மலைப்பூண்டு பற்றிய அறிவியல் செயல்திட்டத்துக்குச் சீட்டுகள் ஒட்டினேன். மூன்று வாரமாகியும் பிள்ளைகள் “மிஸ், அடுத்து என்ன பண்ணணும்?” என்றுதான் கேட்கிறார்கள். பாடம் நகரவில்லையே என்று தலைமையாசிரியர் வேறு. இது நமக்கு ஒத்துவருமா?
– ஓர் ஆசிரியை, கொடைக்கானல் மேல்மலை

பதில்: வரும். ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள்: அந்தச் சீட்டுகளில் இருப்பது யார் கையெழுத்து? உங்களுடையது என்றால் அது சுவரில் ஒட்டிய வீட்டுப்பாடம், அவ்வளவுதான்.

தம்பி சொன்னது அஜைல் என்ற வேலைமுறை, வேலையைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, அவ்வப்போது பார்த்துத் திருத்திக்கொண்டே செய்வது. அது 2001-ல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 மென்பொருள்காரர்கள் கூடி எழுதிய சின்ன அறிக்கையால் பெயர் பெற்றது. போட்ட திட்டத்தையே கட்டிக்கொண்டு அழாதே, நிலைமைக்குத் தக்கபடி மாற்று என்பது அதில் ஒரு முக்கியமான பேச்சு. நெதர்லாந்தில் வில்லி வைனாண்ட்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர் இந்த வழியை வகுப்புக்குக் கொண்டுவந்தார். எடுஸ்க்ரம் என்று பெயர். எதை, ஏன் படிக்கணும் என்பது ஆசிரியர் பொறுப்பு, எப்படி என்பது பிள்ளைகள் பாடு.

நீங்கள் கேள்வியை மட்டும் கொடுங்கள். முழுப் பூண்டுப் பல்லில் அவ்வளவாக வாசனை இல்லை, நசுக்கினால் மட்டும் ஏன் மூக்கைத் துளைக்கிறது? நாலு நாலு பேராக உட்கார்ந்து அவர்களே சீட்டு எழுதட்டும். ‘பாட்டியிடம் கேட்கணும்’ என்று ஒருத்தி எழுதுவாள், எழுதட்டும். ‘வேகவைத்த அப்புறம் நசுக்கிப் பார்க்கணும்’ என்று ஒருவன் எழுதினான் என்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், ஏனென்றால் நசுக்கும்போது அந்த வாசனையை உண்டாக்கும் நொதி (என்சைம்) சூட்டில் செயலிழந்துவிடும், அந்தக் காரநெடி வராது, நொதிப் பாடத்தை அங்கேயே அவன் வாயாலேயே தொடங்கிவிடலாம்.

‘செய்கிறோம்’ கட்டத்தில் ஒரு குழுவுக்கு இரண்டு சீட்டுக்கு மேல் வேண்டாம். வகுப்பு தொடங்கும்போது ஐந்து நிமிடம் நின்றபடியே பேசட்டும். எங்கே சொதப்பினோம் என்று கடைசியில் பேசும்போது மட்டும் நீங்கள் வராந்தாவுக்குப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் “எல்லாம் நல்லா இருந்துச்சு மிஸ்” தான் கிடைக்கும்.

தலைமையாசிரியருக்கு: பருவத்துக்கு ஒரு பாடம் மட்டும் இப்படி, மீதியெல்லாம் வழக்கம்போல என்று சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் ஊர் ஈரத்தில் கோந்து நிற்காது. கயிறு கட்டி, துணி கிளிப்பில் மாட்டுங்கள், பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில்.