வாசகர் கேள்வி: ஜப்பானிய காமிக்ஸான மாங்காவைத் திருப்பி அச்சிட்டால் என்ன?

கே: 'மாங்காவை வலமிருந்து இடமாகப் படிப்பதெல்லாம் பந்தா, மற்ற காமிக்ஸ் மாதிரி திருப்பி அச்சிட்டால் போச்சு' என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா? - ஒரு வாசகர், குடியாத்தம்.

ப: இல்லை. பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால், சாமுராய் வீரனின் இடது இடுப்பில் இருக்கும் வாள் வலப்பக்கம் போய்விடும். கிமோனோ என்ற ஜப்பானிய அங்கியின் வலமடிப்பு மேலே வந்துவிடும். ஜப்பானில் அது பிணத்துக்கு உடுத்தும் முறை! பழைய ஆங்கிலப் பதிப்புகள் பலவற்றில் இந்தக் கூத்தைப் பார்க்கலாம்.

மாங்காவைப் படிப்பது சுலபம்தான்: வலது மேல்மூலையில் தொடங்கி இடப்பக்கம் நகருங்கள், பிறகு கீழ்வரிசை. வலப்பக்கம் சிறு கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள். பேச்சுக்குமிழ்களுக்கும் இதே வரிசைதான். மாறினால் கேள்விக்கு முன்பே பதில் வந்து நிற்கும். போனில் படம் அலையலையாகத் தெரிகிறதா? மாங்காவில் சாம்பல் நிறம் நுண்புள்ளிகளால் ஆனது, பெரிதாக்கினால் சரியாகும்.