மூளைச்சவ்வுக் காய்ச்சல்: மாத்திரை யாருக்கு?

மகளின் விடுதியில் ஒரு மாணவிக்கு மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமியால் மூளைச்சவ்வுக் காய்ச்சல். விடுதி முழுவதற்கும் தடுப்பு மாத்திரை தரக்கூடாதா? (ஒரு தாய், சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா)

தரக்கூடாது. நோய் தொடங்குவதற்கு முந்தைய 7 நாளில் அவளோடு ஒரே அறையில் படுத்தவர்கள், ஒரே வீட்டில் இருந்தவர்கள், முத்தமிட்டவர்கள் ஆகியோருக்குத்தான் அது வேண்டும். ஒரே வகுப்பில் உட்கார்ந்ததும், ஒரே டாக்சியில் போனதும் அந்தக் கணக்கில் வராது. பெரியவர்களுக்கு சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை 500 மி.கி., ஒரே வேளை. கர்ப்பிணிக்கு செஃப்ட்ரையாக்சோன் என்ற கிருமிக்கொல்லி 250 மி.கி. தசை ஊசி. நோய் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். 2 வாரம் கடந்தால் அநேகமாகப் பலனில்லை.

மாத்திரை தொண்டையில் குடியிருக்கும் கிருமியை அகற்றும். உடலுக்குள் இறங்கிவிட்ட நோயைக் குணப்படுத்தாது. அதனால் மாத்திரை விழுங்கியவரையும் 10 நாள் கவனியுங்கள், காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தொண்டைச் சளியைப் பரிசோதிக்கக் கேட்காதீர்கள்: ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 10 பேரில் ஒருவர் தொண்டையில் இக்கிருமி உண்டு. அறைக்கு மருந்து தெளிப்பதும் வீண். உடலுக்கு வெளியே அது வெகுநேரம் தாங்காது.

தம்பிக்கு மூளைச்சவ்வுக் காய்ச்சல் வந்தது நிமோகாக்கஸ் என்ற வேறொரு கிருமியால். எங்களுக்கும் மாத்திரையா? (ஃபீனிக்ஸ்)

வேண்டாம்.

கறுத்த தோலில் இந்நோயின் தடிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

உள்ளங்கை, உள்ளங்கால், கண்ணிமையின் உட்புறம், அண்ணம் ஆகிய இடங்களில் பாருங்கள். கண்ணாடித் தம்ளரை அழுத்தியும் மறையாத சிவந்த, ஊதாப் புள்ளிகள் ஆபத்து. ஆனால் புள்ளி வரட்டும் என்று காத்திருந்தால் உயிரே போகலாம். சிலருக்குப் புள்ளி வருவதே இல்லை. காய்ச்சலோடு கால்வலியும் கைகால் சில்லிடுவதும் கழுத்து இறுகுமுன்பே தோன்றக்கூடும். கைக்குழந்தைக்குக் கழுத்து இறுகாமலே போகலாம். உச்சிக்குழி புடைப்பு, பால் மறுப்பு, ஓயாத அழுகை இவற்றை நம்புங்கள்.

ஆய்வக முடிவு வந்தபின் நோயைச் சுகாதாரத் துறைக்கு அறிவித்தால் போதுமா? (ஒரு தாதி, டொங்காட்)

போதாது. தென்னாப்பிரிக்காவில் மெனிங்கோகாக்கஸ் முதல் வகை அறிவிக்கை நோய்: சந்தேகம் எழுந்ததுமே, 24 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். உடனிருந்தவர்களைத் தேடும் வேலை அதிலிருந்துதான் தொடங்குகிறது.

முதுகுத்தண்டு நீர் எடுக்கத் தாமதமாகும் என்றால் இரத்தம் எடுத்துவிட்டு செஃப்ட்ரையாக்சோனை முதலில் போடச் சொல்லுங்கள். அதன்பின் எடுத்த நீரில் கிருமி வளராமல் போகலாம், கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை அப்போதும் காட்டிக்கொடுக்கும். கிருமி வளர்க்க அனுப்பும் நீரைக் குளிர்ப்பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மெனிங்கோகாக்கஸ் செத்துவிடும். நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரும். அறை வெப்பத்திலேயே உடனே அனுப்புங்கள்.