காந்தத்தில் ஒட்டிய பொடி

அன்புள்ள ஐயா,

டிசம்பர் 14 பின்னிரவில் குடும்பத்தோடு மொட்டைமாடியில் படுத்து ஜெமினிட் விண்கல் மழை பார்த்தோம். விடிந்ததும் மகள் மாடி முழுக்கக் காந்தத்தை உருட்டிக் கொஞ்சம் கறுப்புப் பொடி சேர்த்துவிட்டாள். ராத்திரி விழுந்ததுதான் என்கிறாள். இருக்குமா?

க.

அன்புள்ள க.,

இருக்காது. ஜெமினிட் துணுக்குகள் ஃபேத்தன் என்ற சிறுகோள் உதிர்த்தவை. நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுமண்டலத்துக்குள் நுழைபவை. கண்ணுக்குக் கீற்றாகத் தெரியும் துணுக்கு தரைக்கு வராமல் வெகு உயரத்திலேயே ஆவியாகிவிடுகிறது. நாம் பார்ப்பது அந்த வெளிச்சத்தைத்தான்.

ஆனாலும் மகள் தேடியது சரியான இடத்தில்தான். பூமிக்கு வரும் விண்தூசியில் பெரும்பங்கு இப்படித் தேதி சொல்லிக்கொண்டு வருவதில்லை. வால்மீன்களும் சிறுகோள்களும் எப்போதோ உதிர்த்த தூசி, கூட்டம் கலைந்து, சூரிய ஒளியே கொஞ்சம் கொஞ்சமாகத் தடைபோட, சுருள் பாதையில் சூரியனை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. வழியில் பூமி குறுக்கிடுகிறது. யாரும் அண்ணாந்து பார்க்காத செவ்வாய்க்கிழமைகளிலும் விழுகிறது. மெதுவாக நுழையும் மிகச் சிறிய துகள், ஏறும் சூட்டை உடனுக்குடன் வெளியே விட்டுவிடுவதால் தப்பித்துத் தரைக்கு வரும். சில உருகி உருண்டையாகிவிடும்.

எவ்வளவு வருகிறது? அண்டார்டிகாவில் கான்கோர்டியா நிலையத்தின் அருகே பனியை வெட்டி, உருக்கி, வடிகட்டி ஏறத்தாழ 20 ஆண்டுகள் சேகரித்தார்கள். அங்கே வேறு தூசி கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் வசதி. 2021இல் வெளியான கணக்குப்படி தரையைத் தொடுவது ஆண்டுக்குச் சுமார் 5,200 டன். கேட்க மலைப்பாக இருக்கிறது. பூமி முழுக்கப் பரப்பினால் சதுர கிலோமீட்டருக்கு 10 கிராம். உங்கள் மாடி ஆயிரம் சதுர அடி என்றால், வருடத்துக்கே ஒரு மில்லிகிராம்தான் தேறும்.

ஆகவே காந்தத்தில் ஒட்டியது பெரும்பாலும் துருவும் வாகனப் பொடியும்தான். ஆனால் யோன் லார்சன் என்ற நார்வேக்காரர், ஜாஸ் கிதார் கலைஞர், விஞ்ஞானிகள் நடக்காது என்று ஒதுக்கியதைச் செய்து காட்டினார். ஆஸ்லோ, பாரிஸ், பெர்லின் நகரக் கூரைகளில் சேர்ந்த சுமார் 300 கிலோ கசடை அலசி 500 விண்துகள்கள் எடுத்த ஆய்வு 2017இல் வெளிவந்தது.

மகள் தொடர விரும்பினால் மழைநீர்க் குழாய் வாயில் தேங்கிய கசடை எடுக்கட்டும். கழுவி, காயவைத்து, காந்தத்தில் பிரித்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருந்தால் கஷ்டம். அந்தப் பொறியும் குளிர்ந்தால் உருண்டைதான்.