காராமணி விதையில் வண்டு: மொத்தத்தையும் கொட்டிவிடாதீர்கள்

அக்கா, தண்டையார்பேட்டை மாடியில் எடுத்த காராமணி விதை, மூடியை இறுக்கி வைத்தும் வண்டு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் செடியிலேயே வந்திருக்கும். காய் முற்றும்போதே பயறு வண்டு முட்டையிட்டுவிடும். விதைத் தோலில் ஒட்டிய வெள்ளைப் புள்ளி அதுதான். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, வண்டாகி, வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும்.

ஓட்டை விழுந்ததைக் கழித்துவிடுங்கள். மீதியை, கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரீசரில் 7 நாள் வையுங்கள். எடுத்ததும் திறக்கவேண்டாம், குளிர் விடட்டும். இல்லாவிட்டால் விதை வியர்த்துவிடும். பிறகு கிலோவுக்கு 1 டீஸ்பூன் வேப்பெண்ணெய் புரட்டுங்கள். நம்ம பக்கத்துக் கடல்காற்றில் வெறும் சாம்பலை நம்பி நான் ஒரு படி அவரையை இழந்தேன். எண்ணெய் புரட்டியது விதைக்கு மட்டும், குழம்புக்குப் போடாதீர்கள்!