கதவுக்கும் ஸ்கேல்தானா?

அன்புள்ள சார்,

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ‘எதை எதால் அளப்பாய்?’ என்று பள்ளியில் ஒரு தாள் கொடுத்தார்கள். பென்சில், கதவு, குடத்தின் சுற்றளவு. மூன்றுக்கும் ஸ்கேல் என்று எழுதிவிட்டாள். இரண்டுக்குச் சிவப்புப் பேனாவில் தப்பு. சரியான விடையை மனப்பாடம் செய்ய வைத்தேன். ஆனாலும் மனது கேட்கவில்லை. எப்படிப் புரியவைப்பது?

ச., தண்டையார்பேட்டை

அன்புள்ள ச.,

மனப்பாடத்தை விட்டுவிடுங்கள். அவள் பையில் இருப்பது ஸ்கேல் ஒன்றுதான், அதையே எழுதியிருக்கிறாள். எதற்கு எது என்பது கை அலுத்துப்போனால்தான் புரியும்.

என் அக்கா மகனுக்கு அப்போது ஏழு வயது. ராயபுரம் வீட்டில் கட்டிலின் நீளத்தை அளக்கச் சொல்லி, அவனுடைய 15 சென்டிமீட்டர் ஸ்கேலையே கையில் கொடுத்தேன். ஸ்கேல் முடிகிற இடத்தில் விரலை வைத்தான். விரலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மறுபடி ஸ்கேலை வைத்தான். முழுதாக 12 ஸ்கேல் வரவில்லை. அடுத்த தடவை விரலுக்குப் பதில் சாக்பீஸால் கோடு போட்டு அளந்தான். பன்னிரண்டரையைத் தாண்டிவிட்டது! கட்டில் எப்படி வளர்ந்தது என்று முழித்தான். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் அகலம் அளக்காமலே போயிருந்தது. “இதைவிடப் பெருசு இல்லையா மாமா?” என்றான். அதற்குப் பிறகுதான் டேப்பை எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்கேலால் கதவை அளக்க முடியும். ஆனால் தூக்கித் தூக்கி வைக்க வைக்கப் பிசகும் சேர்ந்துகொண்டே போகும். சிவப்புப் பேனா இதையும் சொல்லியிருக்க வேண்டும்.

குடத்தின் மேல் ஸ்கேலை அவளே வைத்துப் பார்க்கட்டும். ஒரு இடத்தில்தான் தொடும். தையல்காரரின் இஞ்ச் டேப் வளைந்து கொடுக்கும். அது வீட்டில் இல்லையா, பூ கட்டுகிற நூலைச் சுற்றி, பிறகு அதை ஸ்கேலில் நீட்டி வைத்துப் பார்க்கலாம். ‘நூல்’ என்று அவள் எழுதியிருந்தால் நான் முழு மதிப்பெண் போடுவேன்.

ஆசாரி யாராவது வந்தால் அவருடைய இரும்பு டேப்பை ஒரு நிமிடம் வாங்கிக் கொடுங்கள். நுனியில் உள்ள கொக்கி லேசாக ஆடும். பழுது என்று நினைப்போம். கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் ஆடும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும், இரண்டிலும் அளவு சரியாக வரும். பிள்ளைகள் இதை ஆட்டி ஆட்டிப் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

‘எறும்பும் தன் கையால் எட்டுச் சாண்’ என்போமே, அதையும் செய்து பாருங்கள். அவளைத் தரையில் படுக்கவைத்துத் தலைக்கும் காலுக்கும் கோடு போடுங்கள். அவள் சாணுக்குக் கிட்டத்தட்ட எட்டு வரும். அதே கோட்டை உங்கள் சாணால் அளந்தால் எட்டு வராது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஸ்கேல் எதற்கு என்று அவளே கேட்பாள்.

காசிமேடு உங்களுக்குப் பக்கம்தான். அங்கே கடலின் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் அகல விரித்தால் இந்த விரல் நுனியிலிருந்து அந்த விரல் நுனி வரை ஒரு பாகம், சுமார் ஆறடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போய், கயிறு வைத்திருக்கும் பெரியவர் யாரிடமாவது அளந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம் கயிற்றை அவளிடம் கொடுத்துக் கையை விரிக்கச் சொல்லுங்கள்.