கீழ் அளவு சரி, மேல் அளவு மட்டும் ஏறியிருக்கிறது: மாத்திரை வேண்டுமா?

கேள்வி: எங்க அப்புச்சிக்கு 68 வயசு. காங்கேயம் பக்கம் தோட்டத்துல இன்னமும் அவரேதான் தண்ணி கட்டறாருங்க. முகாம்ல பிரஷர் பாத்தப்ப 164/78 இருந்துச்சு. மெஷின் வாங்கி வீட்டுல பாத்தா 138ல இருந்து 152 வரைக்கும் மாறி மாறி வருது. கீழ் அளவு எப்பவும் 80க்குள்ளதான். "வயசோட நூறைக் கூட்டுனா வர்றதுதான் பிரஷரு, எனக்கு 168 வரைக்கும் போலாம்"னு சொல்லி மாத்திரையே வேண்டாங்கறார். சரிங்களா?

பதில்: சரியில்லை. ஆனால் அப்புச்சியைக் குறை சொல்லவும் முடியாது. ஒரு காலத்தில் டாக்டர்களே நம்பிய கணக்கு அது.

இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது இருக்கும் அழுத்தம் மேல் அளவு. அடுத்த துடிப்புக்கு முன் இதயம் தளர்ந்திருக்கும்போது இருப்பது கீழ் அளவு. புது ஓஸ் தண்ணீர் வேகத்துக்கு விரிந்து கொடுக்கும், வெயிலில் காய்ந்து விறைத்தது கொடுக்காது அல்லவா? வயதானவர்களின் ரத்தக்குழாயும் அப்படித்தான். மேல் அளவு ஏறும். கீழ் அளவு அப்படியே நிற்கும், சிலருக்கு இறங்கவும் செய்யும். பலருக்கும் வருகிறது என்பதற்காக அது கெடுதல் இல்லை என்று ஆகிவிடாது. 60 வயது தாண்டி, கீழ் அளவு 90க்குள் இருந்து மேல் அளவு மட்டும் 160க்கு மேல் போனவர்களுக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 1991இல் வெளியானது. பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது. அந்த வயதில் மேல் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

முகாமில் வந்த 164ஐ மட்டும் வைத்து நான் முடிவெடுக்க மாட்டேன். வரிசையில் நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே கையை நீட்டியிருப்பார். பேச்சு ஒன்றே பத்துப் புள்ளி ஏற்றிவிடும். மருத்துவமனையில் 140/90, வீட்டில் 135/85, இதுதான் பொதுவாக நாம் வைத்திருக்கும் எல்லை. (அமெரிக்கர்கள் 2017இல் 130/80 என்று இறக்கிவிட்டார்கள்; அதற்குள் இப்போது போக வேண்டாம்.) வீட்டு அளவே 138க்குக் கீழே வரவில்லை என்றால், முகாம் பதற்றம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் வீட்டில் எப்படிப் பார்த்தீர்கள்? கயிற்றுக் கட்டிலில் கால் தொங்க உட்காரவைத்து, சட்டைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றியிருந்தால் அந்த எண்ணை நம்ப வேண்டாம். முதுகு சாய நாற்காலியில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். பாதம் தரையில் இருக்கட்டும், கை மேசை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். டீ, பீடி முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. காலை, மாலை இரண்டிரண்டு தடவை, ஒரு நிமிட இடைவெளியில், ஏழு நாள் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள்.

இன்னொன்று, பலரும் டாக்டரிடம் சொல்லாமல் விடுவது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரைகள் பிரஷரை ஏற்றும். அப்புச்சி இடுப்பு மடிப்பில் அப்படி ஒரு அட்டை இருக்கிறதா, பாருங்கள்.

உப்பு நாளைக்கு ஒரு டீஸ்பூன், சுமார் 5 கிராம். மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். இந்துப்புக்கு மாறினால் பயனில்லை, அதுவும் உப்புதான்.

சராசரி 135க்கு மேல் வந்தால் அனேகமாக மாத்திரை தேவைப்படும். தொடங்குவதற்கு முன் படுக்க வைத்தும், எழுந்து நின்றபிறகும் அளக்கச் சொல்லுங்கள். நின்றதும் 20 புள்ளி இறங்குகிறவருக்கு மாத்திரையைக் கவனமாகத்தான் கூட்ட வேண்டும்; இல்லாவிட்டால் வரப்பில் தலைசுற்றி விழுந்துவிடுவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021இல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள். அளவு இறங்கிவிட்டது என்று தானாக நிறுத்தக் கூடாது. இறக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்.

எப்போதாவது 180/120 தாண்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கைகால் தளர்ச்சி எதுவும் இருந்தால் 108ஐ அழையுங்கள். இவை ஏதும் இல்லையென்றால் உட்காரவைத்து மறுபடி அளந்து, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். யாரோ சொன்னார்கள் என்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்துச் சட்டென்று இறக்கப் பார்க்காதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது எழுதிய நோட்டு, வலி மாத்திரை அட்டை, அந்த மெஷின் மூன்றையும் கொண்டுபோங்கள். மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.