மறுமொழி: கையைத் தூக்கினால் சுண்டுவிரல் மரத்துப்போகிறது, கழுத்து எம்ஆர்ஐ நார்மல்

தலை வாரும்போது சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன, டாக்டர் தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம் (கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே கைக்குப் போகும் நரம்போ ரத்தக்குழாயோ நசுங்குவது) என்கிறார், ஏன் வந்தது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வது அதற்குப் பொருந்தித்தான் வருகிறது.

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகலான சந்து இருக்கிறது. கைக்குப் போகும் நரம்புக் கற்றை, பெரிய தமனி, சிரை எல்லாம் அதன் வழியாகத்தான் போக வேண்டும். கையைத் தூக்கினால் அந்த இடம் இன்னும் சுருங்கும். கற்றையின் கீழ்ப்பகுதி விலா எலும்பின் மேலேயே படிந்திருப்பதால் பெரும்பாலும் அதுதான் நசுங்கும். அது போய்ச் சேரும் இடம் சுண்டுவிரல் பக்கம். முழங்கையில் நரம்பு அழுந்தினாலும் இதே விரல்கள் மரக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருக்கும். சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரிந்துவிடும். ஆனால் அது இருந்தும் தொந்தரவே இல்லாதவர்கள்தான் அதிகம். தலைக்கு மேல் கையைத் தூக்கியே செய்யும் வேலை, முன்னால் தொங்கிய தோள், கழுத்தில் பட்ட அடி இவையும் காரணமாகலாம். பைக்கில் விழுந்ததைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, டாக்டரிடம் சொன்னீர்களா? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. காறை எலும்பு உடைந்து கோணலாகக் கூடியிருந்தாலும் சந்து குறுகிவிடும்.

நரம்பு அழுத்தம் மட்டும் என்றால் முதலில் பிசியோதெரபிதான். சில மாதங்கள் பிடிக்கும், பாதியில் விட்டுவிடாதீர்கள். அப்புறம் ஒன்று: கை திடீரென வீங்கி நீலம் பாரித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். வெளுத்துச் சில்லிட்டுப் போனால் தமனியில் கோளாறு. இரண்டில் எது வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.